இரத்தக்காட்டேரித் துப்பறியும் கதைகள்: கொங்கு நாட்டு வாசகருக்கு ஓர் அறிமுகம்

இரத்தக்காட்டேரித் துப்பறியும் கதை என்பது நகரத்தில் நடக்கும் ஒரு குற்றத்தைத் துப்புத்துலக்கும் புனைவு வகை. இதில் துப்பறிபவரோ குற்றவாளியோ இறந்தும் இறவாத ஒருவராக இருப்பார். ஆங்கிலத்தில் இது நகர்ப்புற மாயப்புனைவு என்னும் பெரிய வகைமைக்குள் அடங்கும். 1990களிலிருந்து இவ்வகை நாவல்கள் ஏராளமாக வெளிவந்துள்ளன. தமிழில் இவ்வகை தனிப்பெயருடன் வளரவில்லை. ஆனால் இதன் இரு கூறுகளான அமானுஷ்யமும் துப்பறிதலும் தமிழ் வாசகர்களுக்கு நன்கு பழக்கமானவை. கோயம்புத்தூரிலிருந்து எழுதிய ராஜேஷ்குமாரின் குற்றப்புனைவுகள், கொங்கு வட்டாரத்தில் பிறந்த ஓவியர் சங்கர் வரைந்த வேதாளம், ஆனைமலை மாசாணியம்மன் கோயிலின் நீதிக்கல் ஆகிய மூன்றையும் அறிந்த வாசகர், இவ்வகை நாவல் ஒன்றை எடுத்தால் அதன் பாதி இலக்கணத்தை முன்பே அறிந்தவராக இருப்பார்.

பெயரும் பொருளும்

ஆங்கில 'வாம்பயர்' என்ற சொல்லுக்குத் தமிழில் வழங்கும் சொல் இரத்தக்காட்டேரி. இது நேர்ப்பொருள் தரும் சொல் அல்ல. கிழக்கு ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கையில் வாம்பயர் என்பது புதைகுழியிலிருந்து எழுந்து உயிருள்ளோரின் இரத்தத்தைக் குடிக்கும் பிணம். தமிழ் மரபில் காட்டேரி அஞ்சப்படும் ஆவியாகவும் வணங்கப்படும் தெய்வமாகவும் உள்ளது. தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கடல்கடந்து சென்றவர்கள் காட்டேரி வழிபாட்டைக் கயானா, டிரினிடாட் போன்ற கரீபிய நாடுகளுக்கும் கொண்டு சென்றனர். ஆகவே காட்டேரி என்ற சொல்லைக் கேட்கும் தமிழ் வாசகரின் மனத்தில் எழும் அச்சத்தில் சிறிது பக்தியும் கலந்திருக்கும். ஐரோப்பிய வாம்பயரிடம் இந்த இரட்டைத்தன்மை இல்லை.

வேதாளம் என்பது இன்னொரு சொல். ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் விக்கிரமாதித்தன் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, வேதாளத்தை வாம்பயர் என்றே தலைப்பில் குறிப்பிட்டார். இந்தக் கதைகளில் வேதாளம் இரத்தம் குடிப்பதில்லை. சுடுகாட்டில் பிணத்துள் புகுந்து பேசும் ஆவி அது. பர்ட்டனின் மொழிபெயர்ப்புச் சொல் பிழைபட்டதெனினும், ஆங்கில வாசகர் மனத்தில் இந்திய வேதாளத்தையும் ஐரோப்பிய இரத்தக்காட்டேரியையும் அது இணைத்துவிட்டது. அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1831இல், பெஞ்சமின் பாபிங்டன் தமிழ் 'வேதாளக் கதை'யை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தார். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை ஆங்கிலமாக்கியவரும் இவரே.

வேதாளக் கதைகளின் விசாரணை முறை

வேதாளக் கதைகளின் மூலம் சம்ஸ்கிருதத்தில் உள்ள இருபத்தைந்து கதைகளின் தொகுதி. சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் இயற்றிய கதாசரித்சாகரத்திலும் இது இடம்பெற்றுள்ளது. ஒரு மந்திரவாதியின் வேண்டுகோளின்படி அரசன் மரத்தில் தொங்கும் பிணத்தைத் தோளில் சுமந்து வருகிறான். பிணத்திலுள்ள வேதாளம் வழியில் ஒரு கதை சொல்லி, இறுதியில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் அரசன் பேசாமலிருந்தால் அவன் தலை வெடித்துவிடும். பேசினால் மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் மரத்துக்குப் போய்விடும். தமிழ் வழக்கில் அது முருங்கை மரம். 'வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது' என்ற சொலவடை இதிலிருந்து வந்தது.

இக்கதைகளின் கேள்விகள் வழக்கு விசாரணை போன்றவை. ஒரு கதையில் ஒரு பெண்ணை மூவர் மணக்க விரும்புகின்றனர். அவள் இறந்துவிடுகிறாள். ஒருவன் அவள் சாம்பலின் மீதே படுத்துக் கிடக்கிறான். இன்னொருவன் எலும்புகளைக் கங்கைக்கு எடுத்துச் செல்கிறான். மூன்றாமவன் அலைந்து திரிந்து, உயிர்ப்பிக்கும் மந்திரத்தைக் கற்று வந்து அவளை எழுப்புகிறான். அவள் யாருக்கு மனைவி என்பது கேள்வி. உயிர் கொடுத்தவன் தந்தை ஆவான், எலும்பைக் கரைத்தவன் மகனுக்குரிய கடமையைச் செய்தவன், சாம்பலோடு கிடந்தவனே கணவன் என்பது அரசனின் விடை. ஒவ்வொருவரும் செய்த செயலை எடுத்து, அச்செயல் எந்த உறவுக்கு உரியது என்று அரசன் பிரித்துப் பார்க்கிறான். இறந்தவள் எழுந்தாள் என்பது இங்கே வியப்பாகக் கருதப்படவில்லை. அதைக் கதை ஏற்றுக்கொண்டு, அதன் பிறகு எது நியாயம் என்று கேட்கிறது. இன்றைய நகர்ப்புற மாயப்புனைவின் அடிப்படையும் இதுவே.

தமிழ்ச் சிறுவர்களின் மனத்தில் இந்த வேதாளத்துக்கு உருவம் கொடுத்தவர் ஓவியர் சங்கர் (கே.சி. சிவசங்கரன், 1924–2020). அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் பிறந்து சென்னையில் ஓவியம் பயின்ற இவர் 1952இல் அம்புலிமாமா இதழில் சேர்ந்தார். கையில் உருவிய வாளும் தோளில் பிணமுமாக அரசன் நடந்துவரும் இவரது ஓவியம் பல தலைமுறைக் குழந்தைகளுக்குப் பழக்கமானது. இவருக்கு மறைவுக்குப் பின் 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மேலைநாட்டு வளர்ச்சி

ஆங்கிலப் புனைவில் இரத்தக்காட்டேரியை நாகரிகமான பிரபுவாக மாற்றியது ஜான் பாலிடோரி 1819இல் வெளியிட்ட சிறுகதை. ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா' 1872இல் வந்தது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897இல் வெளியானது. டிராகுலாவைப் பேய்க்கதை என்று மட்டும் வகைப்படுத்துவது முழுமையாகாது. நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் துணுக்குகள் ஆகியவற்றால் ஆன நாவல் அது. பாத்திரங்கள் அந்த ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் படித்தே எதிரி யார், எங்கே ஒளிந்திருக்கிறான் என்று கண்டறிகின்றனர். வழக்குக் கட்டு ஒன்றைப் படிப்பது போன்ற அனுபவத்தை வாசகர் பெறுகிறார்.

ஆர்தர் கோனன் டாயில் 1924இல் எழுதிய 'சசெக்ஸ் வாம்பயர்' இதற்கு நேர்மாறானது. குழந்தையின் கழுத்தில் வாய்வைத்து இரத்தம் உறிஞ்சும்போது ஒரு தாய் பிடிபடுகிறாள். அவள் இரத்தக்காட்டேரி என்று வீட்டார் அஞ்சுகின்றனர். ஷெர்லாக் ஹோம்ஸ் பேயை ஏற்க மறுத்து வீட்டை ஆராய்கிறார். சுவரில் தென்னமெரிக்க ஆயுதங்கள் தொங்குகின்றன. வீட்டு நாயின் பின்னங்கால்கள் அண்மையில் செயலிழந்துள்ளன. தம்பி மீது பொறாமை கொண்ட மூத்த மகன் நஞ்சு தோய்ந்த அம்பு முனையால் குழந்தையைக் குத்தியிருக்கிறான். நாய் மீது முன்னதாகச் சோதித்துப் பார்த்திருக்கிறான். தாய் உறிஞ்சியது நஞ்சை. பேய் என்று பழிக்கப்பட்டவள் குழந்தையைக் காப்பாற்றியவள் என்பதே கதையின் திருப்பம்.

பேயே துப்பறிவாளராகும் வடிவம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. பி.என். எல்ராட் 1990இல் தொடங்கிய தொடரில், 1930களின் சிகாகோவில் கொல்லப்பட்ட ஒரு பத்திரிகையாளர் இரத்தக்காட்டேரியாக எழுந்து தன் கொலையையே துப்பறிகிறார். டான்யா ஹஃப்பின் 'பிளட் பிரைஸ்' 1991இலும், லாரல் கே. ஹாமில்டனின் 'கில்டி பிளெஷர்ஸ்' 1993இலும் வெளிவந்தன. 1992இல் வந்த 'ஃபாரெவர் நைட்' தொலைக்காட்சித் தொடரில் டொராண்டோ நகரக் காவல்துறைத் துப்பறிவாளர் ஒருவர் இரத்தக்காட்டேரியாக இருக்கிறார். வெயில் ஆகாது என்று சொல்லி இரவுப் பணியில் மட்டும் வேலை பார்க்கிறார். கோவையில் இக்கதை நடந்தால் அவருக்கு நூற்பாலையின் இரவு ஷிப்ட் பொருத்தமாக அமைந்திருக்கும். மாயத்தை அன்றாட வேலைநேரத்தோடு இப்படிப் பொருத்துவதே நகர்ப்புற மாயப்புனைவின் உத்தி.

தமிழில் துப்பறியும் கதை

தமிழின் தொடக்ககாலத் துப்பறியும் நூல்களுள் ஒன்று பண்டித நடேச சாஸ்திரி 1894இல் வெளியிட்ட தானவன் என்னும் போலீஸ் நிபுணனின் கதைகள். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வகையைப் பரவலாக்கினர். வடுவூராரின் 'கும்பகோணம் வக்கீல்' நாவலைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1950இல் 'திகம்பர சாமியார்' என்ற பெயரில் படமாக்கியது. எம்.என். நம்பியார் பல வேடங்களில் துப்பறிபவராக நடித்தார். பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த் ஆகிய துப்பறியும் பாத்திரங்கள் புகழ்பெற்றன. பி.டி. சாமி பேய்க்கதைகளுக்காக அறியப்பட்டார். சேலத்தில் பிறந்த இந்திரா சௌந்தர்ராஜன் (1958–2024) சித்தர், காவல் தெய்வம், மறுபிறவி ஆகியவற்றை மர்மக்கதையோடு இணைத்தார். அவரது 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடராகவும் பெரும் வரவேற்பைப் பெற்றது.

கோவையும் ராஜேஷ்குமாரும்

கே.ஆர். ராஜகோபால் என்ற இயற்பெயர் கொண்ட ராஜேஷ்குமார் 1947இல் கோயம்புத்தூரில் பிறந்தார். 1968இல் எழுதத் தொடங்கினார். முதல் நாவல் 'வாடகைக்கு ஓர் உயிர்' 1980இல் மாலைமதியில் வந்தது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். இவர் படைத்த துப்பறிவாளர் விவேக், அவர் மனைவி ரூபலா ஆகியோர் தமிழ் வாசகர்களிடையே நன்கு அறிமுகமானவர்கள். ஜி. அசோகன் வெளியிட்ட 'க்ரைம் நாவல்' மாத இதழ் இவரது படைப்புகளைத் தமிழகமெங்கும் கொண்டு சேர்த்தது. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் வெளியிட்ட தமிழ் வெகுஜனப் புனைவுகளின் ஆங்கிலத் தொகுப்பிலும் இவர் எழுத்து இடம்பெற்றது.

ராஜேஷ்குமார் நாவல்களின் பழகிய அமைப்பு இரு தடக் கதைகூறல். ஓர் அத்தியாயம் ஒரு குடும்பத்தில் நடக்கும். அடுத்தது வேறோர் ஊரில், தொடர்பில்லாத வேறு மனிதர்களிடம் நடக்கும். இறுதியில் இரண்டும் ஒன்றாகும். அமானுஷ்யமாகத் தோன்றும் நிகழ்வு ஒரு தடத்தில் வந்தால், அதற்கான மனிதக் காரணம் மற்றத் தடத்தில் மறைந்திருக்கும் என்பதைப் பழகிய வாசகர் ஊகிப்பார். இந்நாவல்களின் விலை குறைவு. கிடைக்கும் இடம் பேருந்து நிலையக் கடை. படித்து முடிக்கும் நேரம் ஒரு பயணம். புத்தகக் கடைக்குச் செல்லும் வழக்கமில்லாத ஆலைத் தொழிலாளர், இல்லத்தரசியர், கல்லூரி மாணவர் ஆகியோருக்கு வாசிப்புப் பழக்கத்தைத் தந்ததில் மாத நாவல்களின் பங்கு பெரிது.

மூன்று வகை முடிவுகள்

அமானுஷ்யமும் துப்பறிதலும் சேரும் கதைகளை அவற்றின் முடிவைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகையில் பேய் பொய்யாகும். குற்றவாளி பேயைத் திரையாகப் பயன்படுத்தியிருப்பார். சசெக்ஸ் வாம்பயரும், தமிழ் மாத நாவல்களில் பெரும்பாலானவையும் இவ்வகை.

இரண்டாம் வகையில் ஐயம் நீடிக்கும். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஹோலோகிராம் என்ற அறிவியல் விளக்கம் ஒருபக்கமும் ஆவி மறுபக்கமும் நிற்க, இரண்டுக்கும் இடையே வாசகர் தடுமாறுகிறார்.

மூன்றாம் வகையில் பேய் மெய். ஆயினும் அதற்குத் திட்டவட்டமான விதிகள் உண்டு. வெயிலில் வரக்கூடாது, அழைக்காமல் வீட்டுக்குள் நுழையக்கூடாது போன்ற விதிகளே இங்கு தடயங்களாகும். அழைப்பின்றி நுழைய முடியாத இரத்தக்காட்டேரி ஒரு வீட்டில் கொலை செய்திருந்தால், அதை உள்ளே அழைத்தவர் யார் என்பது விசாரணையின் முதல் கேள்வி. இரத்தக்காட்டேரித் துப்பறிவாளர் நாவல்கள் இவ்வகை. இவற்றை முதல் வகையின் எதிர்பார்ப்போடு படிப்பவர் கடைசிப் பக்கம்வரை மனித விளக்கத்துக்குக் காத்திருந்து ஏமாறுவார்.

கொங்கு நிலமும் அச்சமும்

மேலைநாட்டு இரத்தக்காட்டேரிக் கதைகளில் தனித்த மலைக்கோட்டை வகிக்கும் இடத்தைக் கொங்குப் பகுதிக் கதையில் தோட்டத்து வீடு வகிக்கும். ஊருக்குள் வீடுகள் நெருங்கியிருக்க, விவசாயக் குடும்பங்கள் தத்தம் நிலத்தின் நடுவே சாளையில் வாழ்வது இவ்வட்டாரத்தின் பழைய வழக்கம். பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றபின் பல தோட்டங்களில் முதியோர் மட்டுமே உள்ளனர். அண்மை ஆண்டுகளில் ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின் தோட்டத்து வீடுகளில் முதியோர் கொல்லப்பட்ட நிகழ்வுகள் தமிழகத்தை அதிர்ச்சிக்குள்ளாக்கின. அங்கு அச்சம் தந்தவர்கள் மனிதர்கள். இரவில் கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் யாருமில்லை என்பதே அந்த வீடுகளின் உண்மையான இருள்.

பேயைத் திரையாக்கும் உத்திக்கும் சமூகப் பின்புலம் உண்டு. புதிதாக மணமான பெண் இறந்தால் 'காத்துக் கருப்பு அடித்துவிட்டது' என்று சொல்லி விரைவில் அடக்கம் செய்துவிடும் வீட்டைக் கற்பனை செய்வது தமிழ் வாசகருக்குக் கடினமல்ல. மணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் ஐயத்துக்கிடமாக இறந்தால் சிறப்பு விசாரணை வேண்டும் என்று சட்டம் கருதுவதும் இதனாலேயே. ஆர்.டி.ஓ. விசாரணை என்று செய்தித்தாள்களில் படிப்பது இதைத்தான். 'பேய் அடித்தது' என்ற விடையை ஏற்காமல் கழுத்தில் தடம் உண்டா, கடைசியாகப் பார்த்தவர் யார் என்று கேட்கும் துப்பறிவாளர், கதைக்குள் செய்வது இந்த விசாரணையையே.

மாசாணியம்மனும் நீதிக்கல்லும்

பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலையில் உள்ள மாசாணியம்மன் கோயிலில் அம்மன் கிடந்த கோலத்தில் காட்சி தருகிறாள். மயானத்தில் சயனித்திருப்பவள் என்று பெயருக்கு விளக்கம் கூறுவர். நன்னன் என்னும் மன்னனின் மாமரத்திலிருந்து ஆற்றில் விழுந்து மிதந்து வந்த கனியை உண்டதற்காகக் கொல்லப்பட்ட பெண்ணே இத்தெய்வம் என்பது வழங்கும் கதை. நன்னன் செய்த பெண்கொலை குறுந்தொகையிலும் குறிப்பிடப்படுகிறது. பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்களும் அநீதிக்கு ஆளானவர்களும் இங்குள்ள நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி அம்மனிடம் முறையிடுகின்றனர்.

கொலையுண்டவள் தெய்வமாகி, பிறர் வழக்குகளைக் கேட்கிறாள் என்பதே இக்கதையின் சாரம். தன் கொலையைத் தானே துப்பறியும் இரத்தக்காட்டேரியின் கதையும் இதே தேவையிலிருந்து பிறந்தது. அதிகாரம் உள்ளவன் செய்த குற்றத்துக்கு உயிருள்ளோரிடம் நீதி கிடைக்காதபோது, இறந்தவரே விசாரிக்க வேண்டும் என்று மனம் விரும்புகிறது. ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. அம்மனிடம் முறையிடுபவர் தடயம் காட்ட வேண்டியதில்லை. நாவலின் துப்பறிவாளர், இரத்தக்காட்டேரியாகவே இருந்தாலும், வாசகருக்குத் தடயத்தைக் காட்டியே தீரவேண்டும்.

வாசிக்கும் முறை

இவ்வகை நாவலை முதன்முறை படிக்கும் மாணவர்கள் கீழ்க்காணும் கேள்விகளை மனத்தில் கொள்ளலாம்.

* இக்கதையில் மாயத்தின் விதிகள் யாவை? அவை எந்த அத்தியாயத்தில் சொல்லப்படுகின்றன? கடைசி அத்தியாயத்தில் புதிய விதி புகுத்தப்பட்டால் அது ஆசிரியரின் ஏமாற்று.
* பேய்க்கு உள்ள வலிமை விசாரணையை எளிதாக்குகிறதா? நல்ல கதையில் ஒவ்வொரு வலிமைக்கும் ஒரு தடை இருக்கும். இருளில் பார்க்க முடிந்தவர் பகலில் நீதிமன்றம் வரமுடியாது.
* நகரம் பின்னணியாக மட்டும் உள்ளதா, கதையை நகர்த்துகிறதா? ஊர்ப்பெயரை மாற்றினாலும் கதை மாறாது என்றால் அது நகர்ப்புற மாயப்புனைவாகாது.
* பேய் என்று முதலில் பழிக்கப்பட்டவர் யார்? பெரும்பாலும் அவர் வெளியூரிலிருந்து வந்தவராகவோ பெண்ணாகவோ இருப்பார். அந்தப் பழியை நாவல் கேள்வி கேட்கிறதா, தானும் பயன்படுத்திக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நூல்களின் இன்றைய நிலை

மாத நாவல்கள் மலிவான செய்தித்தாளில் அச்சிடப்பட்டவை. படித்து முடித்ததும் கைமாறி, பின்னர் பழைய தாள் கடைக்குச் சென்றவை. கோவையில் உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் பழைய பிரதிகள் கிடைப்பதுண்டு. தாள் பழுத்து, ஓரம் உதிரும் நிலையில் உள்ளவை பல. வெகுஜன அச்சு நூல்களைப் பாதுகாப்பதில் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முக்கியமான பணி செய்துள்ளது. கொங்கு வட்டாரத்தின் ஆலைகள், பேருந்து நிலையங்கள், தோட்டங்கள், அவற்றில் வாழ்ந்தோரின் அச்சங்கள் ஆகியவை பெருமளவில் பதிவானது இந்த மெல்லிய தாள்களில். வீட்டுப் பரணில் பழைய மாத நாவல் கட்டு இருந்தால் அதை எடைக்குப் போடுமுன், அட்டை, வெளியான மாதம், விலை ஆகியவற்றையேனும் குறித்துவைப்பது பிற்கால ஆய்வாளர்களுக்கு உதவும்.